அணில் விரட்டியும் ஆம்பூர் வெயிலும்

உள்ளங்கையளவு பிளாஸ்டிக் பெட்டி. தலையில் சோலார் தகடு, முகத்தில் சென்சார், குட்டி ஸ்பீக்கர், பளிச்சிடும் எல்இடி. அணில், பூனை, குரங்கு, மயில் எல்லாம் தலைதெறிக்க ஓடுவதாக அட்டையில் படம். விலை ஆயிரத்துச் சொச்சம். ஆம்பூர் மாடித் தோட்டத்தில் கோடை முழுக்க வைத்துப் பார்த்தேன். அங்கே கொய்யா, மாதுளை, 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இலவம்பாடி முள்ளுக் கத்தரி. காம்பிலெல்லாம் முள் இருந்தும் அணில் அடிப்பக்கமாகக் கடித்துவிட்டுப் போகிறது.

கோளாறு சென்சாரில்தான். பிஐஆர் என்ற இந்த வகை, உடல்சூட்டுக்கும் பின்னால் இருக்கும் பொருளின் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்தே அசைவை உணரும். கத்திரி வெயிலில் வேலூர்ப் பக்கம் 40 டிகிரி தாண்டும். தளமும் கைப்பிடிச் சுவரும் அதற்கு மேல் கொதிக்கும். அணிலின் உடம்பும் ஏறக்குறைய அந்தச் சூடுதான். அது பெட்டிக்கு எதிரிலேயே உட்கார்ந்து கொய்யாவைக் கொறித்தாலும் பெட்டி வாயைத் திறப்பதில்லை. விடியற்காலையில் ஓரளவு விழித்துக்கொள்கிறது.

விழித்தாலும் என்ன? பெட்டி எழுப்பும், மனிதக் காதுக்கு எட்டாத, 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலியை நாலு இலை மறைத்தாலே பாதி போச்சு. பறவைகளுக்கு அது கேட்கவே கேட்காது. மயில் படம் போட்டது அச்சகத்தாரின் தைரியம். நாய்க்கு நன்றாகக் கேட்கும், பக்கத்து வீட்டு நாய்க்கும் சேர்த்து. இப்படிப்பட்ட கருவிகளை விற்ற அறுபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு, சொல்வதற்கு அறிவியல் ஆதாரம் வேண்டும் என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் 2001லேயே கடிதம் அனுப்பியிருக்கிறது.

ராத்திரி கதை வேறு. தளம் ஆறியதும் சென்சார் சுறுசுறுப்பாகிறது. விளக்கு பளிச்சிட்டதும் பூனை சுவரேறி ஓடுகிறது. பெருச்சாளி முதலில் மிரண்டு, பிறகு பழகிக்கொண்டது. சார்ஜுக்குக் குறையே இல்லை, நம்மூர் வெயிலுக்குக் கேட்க வேண்டுமா!

அணிலுக்கு அரை அங்குலக் கண்ணுள்ள இரும்புக் கம்பி வலைதான் சரி. மேற்புறமும் மூட வேண்டும். நைலான் வலையை அது கடித்துவிடும், பாம்பும் ஓணானும் சிக்கிச் சாகும். கொய்யாவுக்குப் பிஞ்சிலேயே துணிப்பை கட்டலாம். வலையை இறுக்கிக் கட்ட எங்களூர் ஷூ கம்பெனித் தோல் வார் அருமை. ஆனால் குரோமியத்தில் பதப்படுத்திய துண்டுகள் மண்ணில் விழக்கூடாது. விஷம் மட்டும் வேண்டாம். தின்பது அணிலாகத்தான் இருக்கும் என்று யார் கண்டது? மயிலும் தின்னலாம்; அது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது.

பூனைத் தொல்லை மட்டும் என்றால், அக்கம்பக்கத்தில் நாயும் இல்லையென்றால், இந்தப் பெட்டியை வாங்கலாம். மற்றவர்கள் அந்தக் காசுக்குக் கம்பி வலை வாங்குங்கள்.