விருப்பம் வேறு, நிலை வேறு

பதிவுசெய்த பேட்டியைத் திரும்பத் திரும்பக் கேட்டு எழுத்தில் இறக்குபவரின் கை, நாள் முழுக்க மூன்றே செயல்களில்தான் சுழலும்: ஓடவிடு, நிறுத்து, இரண்டு நொடி பின்னே போ. பின்னே போவது அரை நொடி பிசகினால் ஒரு சொல் நழுவும். பேசிய முதியவர் இன்று உயிரோடு இல்லையென்றால், அந்தச் சொல்லைக் கேட்டுச் சரிபார்க்க வேறு வழியே கிடையாது. கணினிச் செயலியில் ஒலியையும் காட்சியையும் நிரலால் இயக்குவதைச் சில்லறை வேலையாக நினைக்க என்னால் முடியாததற்கு இதுதான் காரணம்.

விண்டோஸ் நிரலாளர்கள் இதற்கு நெடுநாளாகக் கையாளும் கருவி மீடியாஎலிமென்ட். மைக்ரோசாஃப்ட் 2006-இல் டாட்நெட் 3.0-உடன் வெளியிட்ட, செயலித் திரைகளை உருவாக்கும் தொகுப்பான டபிள்யூபிஎஃப்-இன் ஒரு பகுதி இது. இதன் முதல் சிறப்பு எளிமை. திரை வடிவமைப்பில் ஒரு வரி எழுதினால் வீடியோ வந்துவிடும். பிளே, பாஸ், ஸ்டாப் என்ற மூன்று கட்டளைகளும், ஓடும் இடம், ஒலி அளவு, வேகம் ஆகிய பண்புகளும் போதும். கற்றுக்கொள்ள ஒரு மாலைப் பொழுது ஆகும். இரண்டாவது சிறப்பு இன்னும் பெரியது. வீடியோவும் பொத்தானைப் போலத் திரையின் ஓர் உறுப்பாகவே நடத்தப்படுகிறது. அதைச் சாய்க்கலாம், மங்கலாக்கலாம், அதன்மேல் வசன வரிகளை அடுக்கலாம்.

ஆனால் இந்த எளிமை ஒரு முக்கியமான உண்மையை மூடிவைக்கிறது. பிளே என்று அழைத்தவுடன் எதுவும் ஓடிவிடுவதில்லை. கோப்பைத் திறக்க வேண்டும், அதன் வடிவத்தை அறிய வேண்டும், சுருக்கிய ஒலி, காட்சியை விரிக்கும் உரிய கோடெக்கைத் தேட வேண்டும். அழைப்போ வெறுங்கையோடு உடனே திரும்பிவிடும். திறந்ததும், தோற்றதும், முடிந்ததும் பிறகுதான் நிகழ்வுகளாக வந்து சேரும். தோல்வி நிகழ்வுக்கு நிரலில் இடம் வைக்காவிட்டால், பயனர் கறுப்புக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். கோப்பு திறக்கும் முன்னரே மொத்த நேரத்தைக் கேட்கும் நிரல் அங்கேயே பிழை எறிந்து நின்றுவிடும்.

இதைவிடப் பெரிய குறை, இப்போது ஓடுகிறதா நிற்கிறதா என்று சொல்லும் பண்பே டபிள்யூபிஎஃப்-இன் மீடியாஎலிமென்ட்டில் இல்லாதது. அதனால் நிரலாளர் தன் பங்குக்கு ‘ஓடுகிறது’ என்று ஒரு மாறி வைத்துக்கொள்கிறார். பொத்தானை அழுத்தியதும் அதை ‘ஆம்’ என மாற்றுகிறார். கோப்பு பழுதானாலும், பதிவு முடிந்துவிட்டாலும் அந்த மாறி ‘ஆம்’ என்றே நிற்கும். ஓடும் இடம் மாறுவதை அறிவிக்கும் நிகழ்வும் இல்லை. டைமர் வைத்து அடிக்கடி கேட்டுத்தான் ஸ்லைடரை நகர்த்த வேண்டும். பயனர் அதே ஸ்லைடரைப் பிடித்து இழுக்கும்போது டைமர் அதைப் பழைய இடத்துக்கே இழுக்கும். இழுத்து முடிக்கும் வரை டைமரை நிறுத்திவைக்கத் தெரிந்தவர் தப்பிப்பார். நின்றிருக்கும் வீடியோவில் இடம் மாற்றினால் படமும் மாற வேண்டும் என்றால் அதற்குத் தனியே ஒரு பண்பை இயக்க வேண்டும். இயல்பில் அது அணைந்தே கிடக்கிறது.

மற்றொரு குறை, சார்பு. மீடியாஎலிமென்ட் தானாக எதையும் ஓட்டுவதில்லை. விண்டோஸ் மீடியா பிளேயர் 10-ஐயோ அதற்குப் பிந்தியதையோ நம்பியிருக்கிறது. ஐரோப்பிய ஆணையத்தின் 2004-ஆம் ஆண்டுத் தீர்ப்பை ஒட்டி, அந்தப் பிளேயர் இல்லாத ‘என்’ பதிப்புகள் விண்டோஸில் வந்தன. உருவாக்கியவர் கணினியில் பழுதின்றி ஓடிய செயலி, அத்தகைய கணினியில் ஊமையாகிவிடும்.

மாற்று இல்லாமலில்லை. விஎல்சி பிளேயரின் உள்ளிருக்கும் லிப்விஎல்சி, தனக்கு வேண்டிய கோடெக்குகளைத் தானே சுமந்து வருவதால் ஏறக்குறைய எந்தக் கோப்பையும் ஓட்டும். விலை வேறு இடத்தில் இருக்கிறது. செயலியின் கனம் பல மெகாபைட் கூடும். டபிள்யூபிஎஃப்-இல் வீடியோ தனிச் சாளரமாகிவிடுவதால் அதன்மேல் பொத்தான் வைப்பதே சிக்கல். லிப்விஎல்சியின் நிகழ்வு வந்த இழையிலிருந்தே (த்ரெட்) மறுபடி அதற்குக் கட்டளையிட்டால் செயலி உறைந்துபோகக்கூடும்.

வடிவமைப்பில் என் மனத்துக்கு நெருக்கமானது, செயலி உருவாக்கும் தொகுப்பான க்யூட்டி 6-இன் க்யூமீடியாபிளேயர். ஓடுதல், இடைநிறுத்தம், நிறுத்தம் என்பவை அதில் ஒரு பட்டியல். கோப்பு ஏறுகிறது, ஏறிவிட்டது, தடைபட்டது, முடிந்தது, செல்லாதது என்பவை தனியாக இன்னொரு பட்டியல். பயனரின் விருப்பம் ஒரு பக்கம், கோப்பின் நிலை மறுபக்கம். இரண்டும் மாறும்போதெல்லாம் செயலிக்குச் செய்தி வருகிறது. ஓடும் இடமும் அப்படியே.

ஆகவே சிறிய செயலிக்கு, கோப்பு வடிவம் முன்னரே தெரிந்த இடத்தில், மீடியாஎலிமென்ட் இன்றும் தகுதியான கருவி என்பது என் முடிவு. எங்கிருந்தோ எந்த வடிவத்திலோ கோப்பு வரும் இடத்தில் அதை நம்பக் கூடாது. எந்தக் கருவியானாலும் திரையில் காட்டவேண்டியது கோப்பு தந்த செய்தியை. பயனர் அழுத்திய பொத்தானை வைத்து நாமே ஊகித்ததை அன்று. அந்த ஒழுக்கம் நிரலில் இருந்தால், பேட்டியை எழுத்தாக்குபவர் திரையில் காணும் நொடியும் காதில் கேட்கும் சொல்லும் ஒன்றாகவே இருக்கும்.