தவளையும் தேரையும்

படப்புத்தகம் என்றால் பக்கமெங்கும் வண்ணம் வாரி இறைத்திருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் ஆர்னால்ட் லோபெல் 1970-இல் தொடங்கிய தவளை, தேரைக் கதைகளைப் பார்க்க வேண்டும். பச்சையும் பழுப்பும்தான் பிரதானம். மழை ஓய்ந்த தோட்டம்போல ஈரமான நிறங்கள். மெல்லிய கோடுகளில் சட்டையின் மடிப்பும் தேரையின் தளர்ந்த தோளும் தெரிகின்றன. தவளை உயரம், கலகலப்பு. தேரை குட்டை, சட்டென்று முகம் வாடிவிடும். அதை ஒரு குறையாகத் தவளை எண்ணுவதே இல்லை.

முதல் புத்தகத்தில், நீச்சலுடையில் நிற்கும் தேரையைப் பார்த்து மற்ற பிராணிகள் சிரிக்கின்றன. தவளையும் சிரித்துவிடுகிறது! தேரை துணியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடக்கிறது. அவ்வளவுதான், புத்திமதி ஒரு வரிகூட இல்லை. அடுத்த கதையில், தனக்குக் கடிதமே வருவதில்லை என்று வாசலில் வருந்தி உட்கார்ந்திருக்கிறது தேரை. தவளை வீட்டுக்கு ஓடி ஒரு கடிதம் எழுதி, நத்தையிடம் கொடுத்தனுப்புகிறது. நத்தை வந்துசேர நான்கு நாள். கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தவளை முன்பே சொல்லிவிட்டாலும் இருவரும் அருகருகே அமர்ந்து அதற்காகக் காத்திருக்கிறார்கள். இப்படி வேலையற்ற ஒரு காத்திருப்பை இவ்வளவு நிறைவாக வரைய அபாரமான பொறுமை வேண்டும். சின்னச் சின்ன வாக்கியங்கள், வாசிக்கும் குரலைத் தாமாகவே தணிக்கின்றன. குழந்தையை மடியில் வைத்து, வாய்விட்டு, நிதானமாகப் படித்துக் காட்டுங்கள்.