டீசலா, பெட்ரோலா? கல்வராயன் மலையடியிலும் யாழ்ப்பாணத்திலும் பழைய வண்டி வாங்குவது

கல்வராயன் மலையில் மரவள்ளி பிடுங்கத் தொடங்கிவிட்டால் கச்சிராயபாளையத்திலும் சின்னசேலத்திலும் பழைய வண்டி விசாரிக்கிறவர்களைப் பார்க்கலாம். பிடுங்கிய கிழங்கு ஓரிரு நாளுக்குள் சேகோ ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும். தாமதமானால் மாவுச்சத்து இறங்கும், ஆலையில் அதை அளக்கும் பாயிண்ட் குறையும், விலையும் குறையும். வாடகை வண்டிக்குக் காத்துக் கிடந்து நஷ்டப்பட்டவருக்குச் சொந்தமாக ஒரு குட்டி யானையோ பொலிரோ பிக்கப்போ வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. புது வண்டிக்கு டியூ கட்ட எல்லோராலும் முடியாது. அதனால்தான் செகண்ட் ஹேண்ட் தேடுகிறார்கள்.

அப்படித் தேடும்போது எஞ்சின் வகையைப் பற்றி நம் பக்கத்தில் யாரும் அதிகம் யோசிப்பதில்லை. சரக்கு வண்டி என்றால் டீசல், அவ்வளவுதான். அந்த நம்பிக்கைக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. குட்டி யானை என்று நாம் அழைக்கும் டாடா ஏஸ் 2005-ல் வந்தபோது அதில் இருந்தது 702 சி.சி., இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின். வெறும் 16 குதிரைத்திறன். பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டை அரசு 2010-ல் விலக்கிக்கொண்டது. டீசலுக்கோ 2014 அக்டோபர் வரை மானியம் தொடர்ந்தது. நடுவில் சில ஆண்டுகள் இரண்டுக்கும் லிட்டருக்கு 20 ரூபாய்க்கு மேல் வித்தியாசம் இருந்ததால் யாரும் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. 2024 மார்ச் விலைக் குறைப்புக்குப் பிறகு சென்னையில் பெட்ரோல் 100 ரூபாய்க்குச் சற்று மேலும், டீசல் 92 ரூபாய் சுற்றிலும் நின்றன. வித்தியாசம் எட்டு ரூபாய்க்குச் சுருங்கியும் பழக்கம் சுருங்கவில்லை.

இலங்கையில் இதே டாடா ஏஸ் ‘டிமோ பட்டா’ என்ற பெயரில் ஓடுகிறது. யாழ்ப்பாணத்துச் சந்தைகளில் காய்கறி இறக்குவதும், வீடு மாறும்போது தட்டுமுட்டுச் சாமான் ஏற்றுவதும் பெரும்பாலும் அந்தப் பட்டாதான். அதைவிடப் பெரிய சுமைக்கு கன்டர், எல்ஃப் போன்ற ஜப்பானிய லாரிகள் இருக்கின்றன. ஆனால் அங்கே வண்டி வாங்கப் போகிறவர் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்பதோடு நிறுத்த மாட்டார். எண்ணெய் கிடைக்காத நாளில் இந்த வண்டி என்ன ஆகும் என்றும் யோசிப்பார். அப்படி யோசிக்கும்படி காலம் அவர்களைப் பழக்கியிருக்கிறது.

1990-ல் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்குப் பெட்ரோலும் டீசலும் போவது தடைப்பட்டது. மண்ணெண்ணெய்தான் ஓரளவு கிடைத்தது, அதுவும் கடும் விலைக்கு. மோட்டார் சைக்கிளையும் மொரிஸ் மைனர், ஒஸ்டின் கார்களையும் சில துளிப் பெட்ரோல் விட்டுக் கிளப்பினார்கள். எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. சூடான எஞ்சினில் ஆவியாகிப் பற்றிக்கொள்ளும். பழைய கார்பரேட்டர் எஞ்சினில் அழுத்தம் குறைவு என்பதால் அது தாங்கியது. மருத்துவமனைக்கு ஆள் கொண்டுபோனதும் கல்யாண வீட்டுக்குச் சாமான் ஏற்றியதும் அந்தப் புகையோடுதான். இன்றைய இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் வண்டியில் அது நடக்காது. அந்த எளிய எஞ்சின்களை யாழ்ப்பாணத்து மெக்கானிக்குகள் உயிரோடு வைத்திருந்த திறமையை நினைத்தால் எனக்கு இன்றும் மரியாதை பெருகுகிறது.

பிறகு 2022-ன் பொருளாதார நெருக்கடி வந்தது. ஜூன் கடைசியில் அத்தியாவசியச் சேவைகளைத் தவிர யாருக்கும் எரிபொருள் இல்லை என்று அரசே அறிவித்தது. ஜூலையில் கியூ.ஆர். முறை வந்து, வாகனத்துக்கு வாகனம் வாராந்திர அளவு வைத்தார்கள். விலையும் எகிறியது. 2019 கடைசியில் அங்கே பெட்ரோல் 137 ரூபாய், டீசல் 104. 2022 ஜூன் இறுதியில் பெட்ரோல் 470, டீசல் 460.

இந்த விலைகள் வண்டிக் கணக்கை எப்படி மாற்றுகின்றன என்று பார்க்க, ஒரே சுமை ஏற்றும் இரண்டு சிறு வண்டிகளை எடுத்துக்கொள்வோம். டீசல் வண்டி லிட்டருக்கு 20 கிலோமீட்டர், பெட்ரோல் வண்டி 15 கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2019 இலங்கை விலையில் பெட்ரோல் வண்டிக்குக் கிலோமீட்டர் செலவு டீசலைவிட முக்கால் பங்கு கூடுதல். 2022 ஜூன் விலையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் கூடுதல். நம் சென்னை விலையில் கிட்டத்தட்டப் பாதி: டீசலுக்கு 4 ரூபாய் 60 காசு, பெட்ரோலுக்கு 6 ரூபாய் 70 காசு. நாளைக்கு 40 கிலோமீட்டர் வீதம் 300 நாள் ஓடினால் வருடத்துக்கு 25,000 ரூபாய் அளவுக்கு மிச்சம். கள்ளக்குறிச்சி டவுனுக்குள் கடை கடையாகத் தண்ணீர் கேன் போடுகிறவர் 40 கிலோமீட்டர் ஓடுவதில்லை. அவருக்கு மிச்சமாகும் தொகையை ஒரு இன்ஜெக்டர் வேலையும் பம்ப் வேலையும் தின்றுவிடும். அவர் பெட்ரோல் வண்டி வாங்குவதுதான் சரி என்று அடித்துச் சொல்வேன்.

மலைக்குப் போகிறவர் கதை வேறு. கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும் பாதையில், வளைவில் வேகம் செத்துப்போன இடத்திலிருந்து சுமையோடு மறுபடி எழும்ப வேண்டும். குறைந்த சுழற்சியிலேயே இழுவை தரும் டீசல் அங்கே தன் அருமையைக் காட்டும். சிறிய பெட்ரோல் எஞ்சினை அதே இடத்தில் முதல் கியரில் அலறவிட வேண்டியிருக்கும்; கிளட்ச் பிளேட் சீக்கிரம் போகும். உயரம் ஏற ஏறக் காற்றின் அடர்த்தியும் குறைவதால் டர்போ இல்லாத எஞ்சினுக்கு மூச்சு இன்னும் முட்டும். மலை விவசாயிக்கு டீசல்தான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் எந்த ஆண்டு டீசல்? 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 புகை விதி வந்தது. டீசல் எஞ்சினைச் சுத்தமாக்கும் செலவைத் தாங்க முடியாமல் மாருதி தன் சூப்பர் கேரியில் டீசலையே நிறுத்தியது. டாடா ஏஸில் பெட்ரோல் எஞ்சின் சேர்ந்தது. பி.எஸ். 6 டீசல் வண்டிகள் பலவற்றில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. அதில் சேர்ந்த கரி எரிய வேண்டுமானால் வண்டி நல்ல சூட்டில் நிற்காமல் கொஞ்ச தூரம் ஓட வேண்டும். உளுந்தூர்பேட்டை–சேலம் நான்குவழிச் சாலையில் தினமும் போகிறவருக்கு அது தானாக நடந்துவிடும். ஊருக்குள் ஐந்து கிலோமீட்டர், நிறுத்தம், மறுபடி ஐந்து கிலோமீட்டர் என்று ஓடிய வண்டியில் வடிகட்டி அடைத்திருக்கும். இப்படிப்பட்ட வண்டி பழைய வண்டிச் சந்தைக்கு வருவதற்கே சில சமயம் அதுதான் காரணம். டேஷ்போர்டில் சாவி போட்டதும் எரிந்து அணைய வேண்டிய விளக்குகள் எரிகின்றனவா என்று பாருங்கள். எரியவே இல்லை என்றால் பல்பைப் பிடுங்கியிருக்கலாம்.

பெட்ரோல் பக்கமும் ஒரு சங்கடம் உண்டு. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2023-க்கு முந்தைய வண்டிகள் பலவும் அதற்கென்று செய்யப்பட்டவை அல்ல. ரப்பர் ஹோஸ் விரிந்திருக்கிறதா, டேங்க் அடியில் தண்ணீர் சேர்கிறதா என்று மெக்கானிக்கை வைத்துப் பார்க்க வேண்டும்.

வண்டி பார்க்கும் முறையில் இலங்கைக்காரரிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது நிறைய. அங்கே 2020-ல் வாகன இறக்குமதி நின்று 2025 பிப்ரவரியில்தான் முழுமையாகத் திறந்தது. நடுவில் ஓடிய ஐந்து ஆண்டும் பழைய வண்டிதான் வண்டி. எஞ்சின் மாற்றியதா, நம்பர் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா, உதிரிப்பாகம் உள்ளூரில் கிடைக்குமா, கொழும்புப் பஞ்சிகாவத்தைக்குப் போக வேண்டுமா என்று விசாரித்துவிட்டுத்தான் விலை பேசினார்கள். நமக்குக் கள்ளக்குறிச்சியிலேயே ஏஸ் சாமான் கிடைக்கிறது, மீறினால் சேலம். அந்த வசதியே நம்மை அலட்சியமாக்கிவிட்டது. புரோக்கர் சொன்ன நேரத்துக்குப் போகிறோம். அவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்த எஞ்சினைக் கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுக்கிறோம்.

விடியற்காலையில் சொல்லாமல் போங்கள். எஞ்சினில் கை வைத்துப் பாருங்கள். ஜில்லென்று இருக்க வேண்டும். டீசல் எஞ்சினில் எரிபொருள் அழுத்தத்தில் பிறக்கும் சூட்டால்தான் பற்றுகிறது. தேய்ந்த எஞ்சின் குளிரில் கிளம்பத் திணறும், வெள்ளைப் புகை கக்கும். கிளம்பியதும் ஆயில் மூடியைத் திறந்து வாயின் மேல் தலைகீழாக வையுங்கள். மூடி அப்படியே இருந்தால் நல்லது. துள்ளி விழுந்தால், ஆவி குபுகுபுவென்று வந்தால், பேக் கம்ப்ரஷன் அடிக்கிறது, அதாவது சிலிண்டர் அழுத்தம் கீழே கசிகிறது. எஞ்சின் வேலை நெருங்கிவிட்டது. பெட்ரோல் வண்டியில் முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். நுனியில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ரிங் தேய்ந்திருக்கலாம்.

இதெல்லாம் சரியாக இருந்தாலும் எட்டு வயது தாண்டிய வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. என்ற தகுதிச் சான்று உண்டு என்பதை விலையில் கழித்துப் பேசுங்கள். ஃபைனான்ஸ் தடையில்லாச் சான்றும் கடன் பதிவை நீக்கும் படிவம் 35-ம் கைக்கு வராமல் பாக்கிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். கடைசியாக, வெறும் வண்டியைச் சமதளத்தில் ஓட்டிப் பார்ப்பதில் பயனில்லை. அரை டன்னாவது ஏற்றி, கச்சிராயபாளையத்திலிருந்து மலையின் முதல் சில வளைவுகள் வரை ஏறிவிட்டு, ஏறிய கியரிலேயே இறங்கி வாருங்கள். விற்கிறவர் அதற்குச் சம்மதிக்காவிட்டால் அடுத்த வண்டியைப் பார்க்கலாம்.