ஆறு லட்ச ரூபாய்க் காதும் ஓர் அறுந்த வயரும்

வட மாவட்டம் ஒன்றின் மலையடிவார ஊரில் நடந்த மாற்றுத்திறனாளிகள் முகாமுக்கு ஒருமுறை போயிருந்தேன். அரசுப் பள்ளி வளாகம், வேப்பமரத்தை ஒட்டிப் பந்தல், வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். முதல் பஸ்ஸில் மலையிறங்கி வந்திருந்த ஒரு பெண் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையை அவிழ்த்தார். வெற்றிலை எடுக்கப்போகிறார் என்று நினைத்தேன். எடுத்தது, காது கேளாதோருக்கு அறுவை சிகிச்சையில் பொருத்தும் காக்ளியர் கருவியின் வெளிப்பாகம். காதில் மாட்டுகிற பகுதியில் ஒரு கீறல்கூட இல்லை. காந்தத்தால் தலையில் ஒட்டிக்கொள்ளும் வட்டமான காயிலும் சரியாகவே இருந்தது. இரண்டையும் இணைக்கும் மெல்லிய வயர்தான் முனையில் விண்டுபோயிருந்தது. "எட்டு மாசமாச்சு சார். மொபைல் கடையில கேட்டுப் பாத்தேன், இதையெல்லாம் ஒட்ட முடியாதுன்னுட்டாங்க" என்றார். ஏழு வயது மகள் பந்தல் காலைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தாள். மைக்கில் அவள் பெயரை இரண்டு முறை கூப்பிட்டார்கள். அவள் ஓட்டம் நிற்கவில்லை.

அரசுக் கணக்கில் அவள் பயன்பெற்ற குழந்தை. அறுவை சிகிச்சை நடந்த தேதி, மருத்துவமனை, தொகை எல்லாம் பதிவில் இருக்கும். எட்டு மாதமாக அவள் எதையும் கேட்கவில்லை என்பதற்கு எங்கும் பதிவு கிடையாது. காது கேளாத ஏழைக் குழந்தைகளுக்கு நாம் செய்துவரும் உதவியின் பெருமையையும் பிழையையும் இந்த இரண்டு கணக்குகளையும் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

பெருமையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2012 ஜனவரியில் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியர் அறுவை சிகிச்சை இலவசம். கைக்காசில் செய்தால் ஆறு லட்சத்தைத் தாண்டும். மத்திய அரசின் உதவி உபகரணத் திட்டத்திலும் இதற்கு வழி இருக்கிறது. ஆயிரக்கணக்கான குழந்தைகள் இப்படிக் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். அதற்கு முன் மலைக்கிராமத்துக் குழந்தைக்கு என்ன இருந்தது? பாளையங்கோட்டையில் ஃபிளாரன்ஸ் ஸ்வெயின்சன் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய பள்ளியின் வழியில் வந்த விடுதிப் பள்ளிகள் இருந்தன. ஐந்து, ஆறு வயதில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். மூளை மொழியை எளிதாக வாங்கிக்கொள்ளும் வயது அதற்குள் பெரும்பாலும் கடந்துவிட்டிருக்கும். மற்றவர்களுக்கு ஆடு மேய்ப்பும் ‘ஊமையன்’ என்ற பெயரும்தான். கூலி வேலை செய்கிறவர் வீட்டுப் பிள்ளைக்கு ஆறு லட்ச ரூபாய்க் கருவியை ஒரு மாநிலம் தன் செலவில் பொருத்தியது சின்ன விஷயமில்லை. ‘இவர்களுக்கு எதற்கு இவ்வளவு விலையில்?’ என்று கேட்டவர்களை நான் அறிவேன். அந்தக் கேள்வியைப் புறந்தள்ளியதே பெரிய காரியம்.

கருவி செய்வதையும் செய்யாததையும் பிரித்துப் பார்க்காததில்தான் சிக்கல் தொடங்குகிறது. நலமான ஒரு காதில் சுமார் 15,000 மயிர்செல்கள் செய்கிற வேலையை 12 முதல் 22 மின்முனைகளை வைத்துச் சமாளிக்கிறது காக்ளியர். அறுவை சிகிச்சைக்குச் சில வாரங்கள் கழித்துக் கருவியை முடுக்குவார்கள். குழந்தை திடுக்கிட்டு விழிக்கும், பல நேரம் அழும். பத்திரிகையில் வருவது அந்தப் படம். அன்றைக்கு அது கேட்டது வெறும் சத்தம். அந்தச் சத்தத்தில் எது அம்மா குரல், எது குக்கர் விசில் என்று பிரித்தறிய மாதக்கணக்காகும். வாக்கியமாகப் பேச ஆண்டுக்கணக்காகும். மின்னோட்ட அளவுகளைக் குழந்தைக்கு ஏற்பத் திரும்பத் திரும்பத் திருத்த வேண்டும். அறுவை சிகிச்சை சில மணி நேர வேலை; பயிற்சி ஆயிரம் நாள் வேலை. பணமும் விளம்பரமும் அந்தச் சில மணி நேரத்தின் பக்கமே குவிந்துகிடக்கின்றன.

பயிற்சி என்றால் என்ன என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தால் புரியும். காலையில் கருவியை மாட்டியதும் தாய் பிள்ளையின் பின்னால் போய் நின்றுகொண்டு ஆறு ஒலிகளைச் சொல்ல வேண்டும்: ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ். ஒவ்வொன்றையும் கேட்டதும் பிள்ளை ஒரு மணியைக் கிண்ணத்தில் போடும். ‘ஸ்’ஸுக்குப் போடவில்லையென்றால் மேல் சுருதி ஒலிகள் எட்டவில்லை, கருவியைக் கவனிக்க வேண்டும். இரண்டு நிமிட வேலைதான், ஆனால் தினமும் செய்தாக வேண்டும். பிறகு சோறு ஊட்டும்போது, குளிப்பாட்டும்போது, கடைக்குப் போகும்போதெல்லாம் ஓயாமல் பேச வேண்டும். சென்னையில் 1969 முதல் இயங்கும் பால வித்யாலயா போன்ற இடங்களில் தாய்மார்கள் பிள்ளையோடு வகுப்பிலேயே உட்கார்ந்து இதைக் கற்கிறார்கள். பலன் கிடைக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் இந்த முறை மனத்தில் வைத்திருக்கிற தாய் யார்? பகலில் வீட்டில் இருப்பவள், சத்தமில்லாத அறை உள்ளவள், நோட்டில் குறிப்பெழுதத் தெரிந்தவள். கல்வராயன் மலையிலோ ஜவ்வாது மலையிலோ சாமை அறுப்புக்கும் புளி உலுக்கவும் போகிறவள், சீசன் வந்தால் காபித் தோட்ட வேலைக்குக் குடும்பத்தோடு வெளிமாநிலம் கிளம்புகிறவள், பேச்சுப் பயிற்சிக்காக வாரம் இரண்டு நாள் மாவட்டத் தலைநகருக்கு எப்படி வருவாள்? பஸ் சலுகை இருக்கலாம். போன கூலியை யார் தருவார்கள்? மலையில் பாட்டியின் மடியில் இருக்கிற பிள்ளையோடு பேசப் பாட்டிக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? நான்கைந்து வாரம் வராமல்போனால் கோப்பில் ‘பெற்றோர் ஒத்துழைப்பு இல்லை’ என்று எழுதிவிடுகிறார்கள். இந்த மூன்று சொற்களைப்போல என்னை எரிச்சலூட்டுவது வேறில்லை. திட்டம் போட்டவர்கள் விட்டுப்போன பாரத்தைத் தாயின் தலையில் வைத்துவிட்டு, அவள் தள்ளாடுகிறாள் என்று குறை சொல்வது என்ன நியாயம்?

காக்ளியர் பெறுவோர் சிலர்தான். பலருக்குத் தேவை சாதாரணக் காது மெஷின். அதன் கதை இன்னும் அற்பமான இடத்தில் தடுக்கிவிழுகிறது: காதுக்குள் பொருந்தும் அச்சில். மென்மையான பசையைக் காதுக்குள் செலுத்தி, இறுகியதும் எடுத்து, அந்த வார்ப்பை வைத்து அச்சு செய்ய வேண்டும். அதற்கு ஒரு நாள், வாங்கிப்போக இன்னொரு நாள். ஒரே நாளில் முடித்துக் கணக்குக் காட்டவேண்டிய முகாமில் இதற்கு நேரமேது? எல்லோருக்கும் பொதுவான ரப்பர் முனையோடு மெஷின் கைக்கு வந்துவிடும். சரியாக அச்சு எடுத்தாலும் கைக்குழந்தையின் காது சில மாதத்தில் வளர்ந்துவிடும், அச்சு தளரும், சத்தம் வெளியே கசிந்து மெஷின் கீச்சென்று கத்தும். பிள்ளை பிடுங்கி எறியும். வீட்டார் பெட்டியில் வைத்துப் பூட்டுவார்கள். பாட்டரிக்கும் தனிக் கதை. சின்னப் பொத்தான் போன்ற அந்தத் துத்தநாகப் பாட்டரியின் ஒட்டுத்தாளை உரித்துக் காற்றுப் பட்டதுமே அதன் ஆயுள் கரையத் தொடங்கிவிடும், பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும். இதைச் சொல்லாமல் ஓர் அட்டைப் பாட்டரியைக் கொடுத்தனுப்பினால், ஆர்வத்தில் எல்லாத் தாளையும் ஒரே நாளில் உரித்துவிடுவார்கள்.

கருவிக்கு முந்திய கட்டம் கண்டுபிடிப்பு. தமிழ்நாட்டில் 99 விழுக்காட்டுக்கு மேல் பிரசவம் மருத்துவமனையில்தான் நடக்கிறது. அதாவது, ஏறக்குறைய எல்லாப் பிள்ளையும் முதல் இரண்டு நாள் நம் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது. தூங்கும் குழந்தையின் காதில் சிறு முனையை வைத்துச் சில நிமிடங்களில் முதல்கட்டச் சோதனை செய்துவிடலாம். ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் உதவி என்பது உலகெங்கும் வைத்திருக்கும் இலக்கு. நடைமுறையில், பிறந்த மறுநாள் காதில் ஈரம் தங்கியிருந்தால் சோதனை தோற்கும். ‘மறுபடி வாங்க’ என்பார்கள். தாய் மலையேறிப் போனபின் அந்த மறுபடி வருவதேயில்லை. மஞ்சள் காமாலை முற்றித் தீவிரச் சிகிச்சையில் இருந்த குழந்தைகளில் நரம்புக் கோளாறு இந்த எளிய சோதனையில் பிடிபடாமலும் போகும். அவர்களுக்குக் கேட்கும் நரம்பின் செயலை அளக்கும் ‘பெரா’ சோதனை வேண்டும்.

2013இல் வந்த தேசியச் சிறார் நலத் திட்டத்தின் குழு ஆண்டுக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வருகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் தட்டைத் தட்டினால் பிள்ளை திரும்பிப் பார்க்கிறது என்பதைக் கேட்கும் சான்றாக எடுத்துக்கொண்டால் ஏமாந்துபோவோம். தரையின் அதிர்வுக்கும் கை அசைவின் நிழலுக்கும் அது திரும்பும். காது கேளாத பிள்ளைக்குக் கண் கூர்மை. வீட்டிலோ, "அவங்கப்பனும் லேட்டாத்தான் பேசினான்" என்று பெரியவர்கள் சமாதானம் சொல்வார்கள். நாக்கில் வசம்பு தேய்ப்பார்கள். பெயரைச் சொல்லக்கூடாது என்று ‘பேர் சொல்லா மருந்து’ என்பார்கள் வசம்பை. பேச்சு வரவேண்டி அதைத் தேய்ப்பது ஒரு விநோதம். ஊராரைப் பழித்து என்ன? பக்கத்தில் கேட்டுச் சொல்ல ஆள் இல்லாதபோது கையில் இருக்கிற மருந்தைத்தான் எடுப்பார்கள்.

நெருங்கிய உறவில் திருமணம் பற்றிய பேச்சும் இங்கே தவறாமல் வரும். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் தமிழ்நாட்டில் அது 28 விழுக்காடு, நாட்டிலேயே அதிகம். மரபுவழிக் கேளாமைக்கு அது வழிவிடுகிறது என்பது உண்மை. ஆனால் முகாமில் மைக்கைப் பிடித்து, பிள்ளையை மடியில் வைத்திருக்கும் பெண்ணிடம் ‘மாமனைக் கட்டினதால வந்த வினை’ என்று சொல்வதால் யாருக்கு என்ன பயன்? அதைக் கல்யாணத்துக்கு முன் சொல்ல வேண்டும்.

சட்டத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது, அதிகம் பேசப்படாதது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி இரு காதுகளிலும் 60 டெசிபல் முதல் இழப்பு இருந்தால்தான் ‘செவித்திறன் குறைந்தோர்’. 70 எட்டினால் ‘காது கேளாதோர்’. உலகச் சுகாதார நிறுவனமோ, நன்றாகக் கேட்கும் காதிலேயே 35 டெசிபலுக்கு மேல் இழப்பிருந்தால் கவனிப்பு வேண்டும் என்கிறது. இடைப்பட்ட பிள்ளைகள் யார்? ஓயாமல் காதில் சீழ் வடிகிற பிள்ளைகள் இவர்களில் ஏராளம். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, டீச்சர் சொல்வதில் பாதியைத் தவறவிட்டு, ‘மக்கு’ என்று பெயர் வாங்குகிறவர்கள். மாற்றுத்திறனாளி அட்டை கிடையாது; எனவே மெஷின் கிடையாது. குழந்தைப் பருவக் கேளாமையில் சுமார் 60 விழுக்காடு தடுக்கக்கூடியது என்று அந்நிறுவனம் சொல்வதில் இந்தச் சீழ்க்காதுகளும் அடக்கம். சில நூறு ரூபாய் மருந்தில் முடியவேண்டிய காரியம் இது. படம் எடுத்துப் போட அதில் ஒன்றுமில்லை.

கடைசியாக, சர்ச்சைக்குரிய இடம்: சைகை. பேச்சுப் பயிற்சி மையங்களில் பல காலமாகப் பெற்றோருக்குச் சொல்லப்படும் அறிவுரை, "கையைக் காட்டாதீங்க, கையைக் காட்டினா பேச மாட்டான்." கேட்டுப் பழக வேண்டிய பிள்ளைக்குக் கண்ணை நம்பும் குறுக்குவழி கூடாது என்பது அவர்கள் வாதம். அதில் ஒரு நியாயம் உண்டு. பிள்ளை ‘அம்மா’ என்று அழைப்பதைக் கேட்க ஏங்குகிற தாயின் ஆசையையும் நான் தட்டிப்பேச மாட்டேன். ஆனால் 1998இல் கொலராடோவில் யோஷினாகா-இடானோ குழுவினர் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு சொன்னது என்ன? ஆறு மாதத்துக்குள் கண்டறியப்பட்ட குழந்தைகளே மொழியில் முந்தினார்கள். பேச்சு வழியில் வளர்ந்தாலும் சைகை வழியில் வளர்ந்தாலும் அந்தப் பலன் இருந்தது. அப்படியானால் ஆதாரம் மொழிதான், வாய் அதன் ஒரு வாசல். நகரத்துப் பிள்ளையின் கருவி பழுதானால் வாரத்துக்குள் சரியாகும். மலையில் எட்டு மாதம். அந்த எட்டு மாதமும் பிள்ளை எந்த மொழியில் இருக்கும்? சைகையைத் தடுத்த வீட்டில் எந்த மொழியிலும் இல்லை.

கேளாதவர் பலர் இருக்கும் குடும்பங்களும் ஊர்களும் உண்டு. அங்கே பெரியவர்கள் தங்களுக்குள் சைகையில் சண்டை போடுவார்கள், ஜோக் அடிப்பார்கள், விலை பேசுவார்கள். கேளாத தையல்காரர், தச்சர் எந்த ஊரிலும் ஒருவராவது தேறுவார். அவரைப் பயிற்றுநராக அழைத்த திட்டத்தை நான் பார்த்ததில்லை. 2015இல் டெல்லியில் இந்தியச் சைகை மொழிக்கென்று ஆய்வு மையம் வந்தது. அகராதி 10,000 சொற்களைத் தொட்டது. மலைக்கு அதில் எதுவும் ஏறவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சைகை, சைகை என்று சொல்கிற எங்களைப் போன்றவர்களிடமும் அதைத் தாய்க்கு யார் கற்றுத்தருவது என்பதற்குச் சுலபமான பதில் இல்லை.

செய்ய முடியாதவை அல்ல இவை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது, இயன்முறைச் சிகிச்சைகூட வருகிறது. அந்த வழியிலேயே பாட்டரியும் வயரும் வரலாம். உலக வங்கிக் கடனுதவியோடு நடக்கும் ‘உரிமைகள்’ திட்டத்தில் ‘விழுதுகள்’ என்ற பெயரில் சேவை மையங்கள் ஊர்ப்பக்கம் வந்துகொண்டிருக்கின்றன. யோசனை சரியான திசையில் போகிறது. செல்பேசி வழிப் பயிற்சியைச் சிலர் தீர்வென்கிறார்கள். ஒரே போன் அப்பாவோடு வேலைக்குப் போய்விடுகிற வீட்டில், டவர் கிடைக்கப் பாறைமேல் ஏறவேண்டிய ஊரில், அது துணைக்குத்தான் ஆகும். முதலில் மாற வேண்டியது கணக்கெழுதும் முறை. எத்தனை பேருக்குப் பொருத்தினோம் என்பதோடு, இரண்டு ஆண்டு கழித்து எத்தனை பேர் தினமும் மாட்டுகிறார்கள், எத்தனை பேர் வாயாலோ கையாலோ ஒரு கதை சொல்கிறார்கள் என்று எழுத ஒரு பத்தி வேண்டும்.

அந்த முகாமில் மதியத்துக்குமேல் அந்தப் பெண்ணின் முறை வந்தது. மேசைக்குப் பின்னாலிருந்த இளைஞர் நல்லவர். கருவியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், தொடர் எண்ணைக் குறித்துக்கொண்டார். படிவத்தில் சக்கர நாற்காலி, ஊன்றுகோல், காதொலிக் கருவி, ஸ்கூட்டர் என்று வரிசையாகக் கட்டங்கள். பேனாவை ஒவ்வொன்றின்மேலும் ஓட்டிக்கொண்டே வந்து, கடைசியில் ‘இதர’ என்ற கட்டத்தில் டிக் அடித்தார். அந்தப் பெண் வயரைச் சுருட்டிச் சுருக்குப்பைக்குள் வைத்துக்கொண்டு, மூன்றரை மணி பஸ் போயிருக்குமா என்று என்னிடம் கேட்டார்.