பழைய லப்டொப்புக்கு எந்த வைரஸ் கார்ட்?

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ ஒரு பழைய லப்டொப் வாங்கினால், வின்டோஸ், ஒபிஸ், தமிழ் எழுத்துருக்கள், ஒரு வைரஸ் கார்ட் எல்லாம் போட்டே கையில் தருவார்கள். அந்த வைரஸ் கார்ட் இலவசப் பதிப்பாக இருக்கலாம், சில நாளில் முடியும் சோதனைப் பதிப்பாக இருக்கலாம், கிராக் செய்த பதிப்பாகவும் இருக்கலாம். கடைசி வகை என்றால் அன்றைக்கே கழற்றிவிடுங்கள். பாதுகாப்புக்கென்று போடுகிற மென்பொருளையே கிராக் செய்து போடுவதை விடப் பெரிய பகிடி இல்லை.

4 ஜிபி ரம், சுழலும் ஹார்ட் டிஸ்க், வின்டோஸ் 10. பிள்ளைகளின் படிப்புக்கென்று வாங்கிய லப்டொப்கள் பலவும் இந்த இனம்தான். இங்கே சொல்லும் மென்பொருள்களை நான் போட்டுப் பார்த்ததும் அப்படியொன்றில்தான். முடிவை முதலே சொல்லிவிடுகிறேன்: வின்டோஸோடு வரும் டிபென்டரும் அதன் ஃபயர்வோலும் வீட்டுக்குப் போதும். கூட ஒன்று வேண்டுமென்றால், டேற்றாவைக் கட்டுப்படுத்த ஒரு சின்ன ஃபயர்வோல் போடலாம். இரண்டாவது வைரஸ் கார்ட் வேண்டாம்.

டிபென்டர் முழு வைரஸ் கார்ட் ஆனது 2012இல், வின்டோஸ் 8உடன். முதல் சில வருடங்கள் சோதனைகளில் கடைசி வரிசையில்தான் கிடந்தது. 'அது சும்மா' என்ற பேச்சு அந்தக் காலத்தது. இப்போது ஜேர்மனியின் ஏவி-டெஸ்ட் நிறுவனம் வைக்கும் சோதனைகளில் மொத்தப் புள்ளி 18ஐயும் பல தடவை வாங்கியிருக்கிறது.

ஆனால் உங்கள் லப்டொப்பில் அது உயிரோடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கிராக் வேலை செய்ய வேண்டுமென்றால் டிபென்டரை நிறுத்த வேண்டும். நிறுத்தியவர் திருப்பிப் போட மறந்துவிடுவார். வின்டோஸ் செக்கியூரிட்டியைத் திறந்தால், 'சில அமைப்புகளை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி நிற்கும். வீட்டு லப்டொப்புக்கு ஏது நிறுவனம்? பெரும்பாலும் யாரோ ரெஜிஸ்ட்ரியில் கைவைத்ததன் அடையாளம் அது. அதைவிட மோசமானது 'எக்ஸ்குளூசன்ஸ்' என்ற பட்டியல். அதில் இருக்கும் ஃபோல்டரை டிபென்டர் திரும்பியும் பார்க்காது. கிராக் கிடக்கும் ஃபோல்டர், சில இடங்களில் சி டிரைவ் முழுவதுமே, அந்தப் பட்டியலில் இருக்கும். எல்லாம் பச்சையாகக் காட்டும். உள்ளே கதவு திறந்து கிடக்கும். பட்டியலை வெறுமையாக்கிவிட்டுத்தான் மற்ற வேலை.

வேலை செய்கிறதா என்று பார்க்க உண்மையான வைரஸ் தேவையில்லை. ஐகார் என்ற ஐரோப்பிய அமைப்பு இதற்கென்றே 68 எழுத்தில் ஒரு வரி வைத்திருக்கிறது. அது ஒன்றுக்கும் தீங்கு செய்யாது. எல்லா வைரஸ் கார்ட்டும் அதை வைரஸாகவே நடத்தும். நோட்பாட்டில் ஒட்டி சேவ் செய்தேன். மூலையில் எச்சரிக்கை வந்தது, கோப்பு மறைந்தது.

குறை இல்லாமல் இல்லை. சுழலும் டிஸ்க்கில் முழு ஸ்கான் தொடங்கினால் மெசின் இழுபடும். சோறு கறி சமைத்து முடித்துவிட்டு வரலாம். குவிக் ஸ்கானோடு நிறுத்திக்கொள்வது நல்லது. டேற்றாவும் தின்னும். 4ஜி றூட்டரிலோ போன் ஹொட்ஸ்பொட்டிலோ இருப்பவர்கள் அந்த வைஃபையை 'மீற்றர்ட்' என்று குறித்துவிட்டால் வின்டோஸின் பெரிய அப்டேற்கள் பெரும்பாலும் நின்றுவிடும். ஆனால் வைரஸ் பட்டியலும் பின்தங்கலாம். இரவு டேற்றா மிஞ்சிக் கிடக்கும் வீடுகளில் அந்த நேரம் 'செக் ஃபோர் அப்டேற்ஸ்'ஐக் கையால் அழுத்திவிடுங்கள்.

இந்தப் பக்கத்தில் வைரஸ் வரும் முக்கியமான வழிகளில் ஒன்று பென்ட்ரைவ். பாஸ் பேப்பர் பிரின்ட் எடுக்கக் கொமினிக்கேசன் கடையில் குத்தி, திரும்ப வீட்டில் குத்தும்போது ஃபோல்டர்கள் எல்லாம் ஷோர்ட்கட் ஆகியிருக்கும். கிளிக் செய்தால் ஃபோல்டர் வழமைபோலத் திறக்கும். கூடவே ஒரு ஸ்கிரிப்ட் ஓடிவிடும், அதுதான் சூழ்ச்சி. டிபென்டர் ஸ்கிரிப்டை அழித்துவிடும், ஆனால் மறைத்த ஃபோல்டர்களை மீட்டுத் தராது. 'வைரஸ் கார்ட் என்ரை பைலை எல்லாம் அழிச்சுப்போட்டுது' என்று சனம் சொல்வது இதனால்தான். ஒன்றும் அழியவில்லை. ஃபோல்டர் ஒப்ஷன்ஸில் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லி, பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் கோப்புகளை மறைக்கும் சரியடையாளத்தையும் எடுத்தால் எல்லாம் அங்கேயே இருக்கும். அப்படியே கோப்புகளின் பின்னொட்டைக் காட்டும்படியும் போட்டுவிடுங்கள். பிடிஎஃப் படம் போட்டுக்கொண்டு வரும் இஎக்ஸ்இ கோப்பு அப்போதுதான் தெரியும்.

இலவசமாகக் கிடைக்கும் மற்றவற்றுக்கு வருவோம். அவாஸ்ட், ஏவிஜி, அவிரா மூன்றும் வேறு வேறு பெயரில் இருந்தாலும் இன்று ஒரே வீட்டுப் பிள்ளைகள். நோட்டனையும் வைத்திருக்கும் ஜென் டிஜிட்டல் என்ற நிறுவனத்துடையவை. அவாஸ்ட், பாவனையாளர்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போனார்கள் என்ற தரவைத் தன் துணை நிறுவனமான ஜம்ப்ஷொட் மூலம் விற்றது 2020இல் வெளியே வந்தது. ஜம்ப்ஷொட்டை மூடினார்கள். 2024இல் அமெரிக்காவின் எஃப்டிசி அவாஸ்டுக்கு 165 லட்சம் டொலர் விதித்தது. கண்டுபிடிக்கும் திறனில் அவாஸ்ட் குறைந்ததல்ல; ஆனால் காவலுக்கு வைத்ததே வேவு பார்த்த கதை தெரிந்த பிறகு நான் போடமாட்டேன். டிபென்டர் பிடிக்காதவர்களுக்கு பிட்டிபென்டரின் இலவசப் பதிப்பைச் சொல்வேன். கணக்கு ஒன்று திறக்க வேண்டும், ஃபயர்வோல் வராது, மற்றபடி தன்பாட்டில் கிடக்கும். இரண்டு வைரஸ் கார்ட்டை ஒன்றாக மட்டும் ஓட விடாதீர்கள். 4 ஜிபி ரம் தாங்காது.

ஃபயர்வோல் பற்றி நாட்டில் இருக்கும் பயம் தேவையில்லாதது. வெளியிலிருந்து வருவதை வின்டோஸ் ஃபயர்வோல் தானாகவே மறிக்கிறது. கடை வைஃபையில் இணையும்போது 'பப்ளிக்' என்று தெரிவு செய்தால் போதும். அது மறிக்காதது உள்ளிருந்து வெளியே போவதை. வன்னி வீட்டுக்கு அதுதான் பிரச்சினை, ஏனென்றால் எந்தெந்த மென்பொருளோ கேட்காமல் டேற்றாவை இழுக்கும். ரைனிவோல் என்ற ஓரிரு எம்பி மென்பொருள் இங்கே குளத்துத் துருசு மாதிரி வேலை செய்கிறது: நீங்கள் திறந்துவிட்டதற்கு மட்டும்தான் போகும். போட்டவுடன் குரோமுக்குக்கூட இணையம் வராமல் போகலாம். பயப்பட வேண்டாம், அதன் மெனுவில் அனுமதி கொடுக்கும் தெரிவை எடுத்து, குரோமின் ஜன்னலைக் கிளிக் செய்தால் வழி திறக்கும். கேள்வி கேட்டுக் கேட்டுத் தொல்லைப்படுத்தாது. சூம் வகுப்புக்கு முதல்நாளே அனுமதி கொடுத்துவிடுங்கள், வகுப்பு தொடங்கியபின் அல்ல.

டிபென்டரில் நிறுத்தியே வரும் ஒன்றை நான் போடச் சொல்வேன்: 'கொன்ட்ரோல்ட் ஃபோல்டர் அக்சஸ்'. தெரியாத மென்பொருள் எதுவும் உங்கள் டொகியுமென்ட்ஸிலும் படங்களிலும் கைவைக்க முடியாது. கோப்புகளைப் பூட்டிவிட்டுக் காசு கேட்கும் ரான்சம்வெயாருக்கு இது நல்ல தடை. வேறு வைரஸ் கார்ட் போட்டால் இது வேலை செய்யாது. பழைய தமிழ் தட்டச்சு மென்பொருள் சேவ் செய்ய முடியாமல் தடுமாறினால் அதற்குத் தனியாக அனுமதி கொடுக்கலாம். 2023 ஓகஸ்ட்டில் இலங்கை அரசின் கிளவுட்டில் ரான்சம்வெயார் புகுந்து, சுமார் 5000 அரச மின்னஞ்சல் கணக்குகளில் மே 17இலிருந்து ஓகஸ்ட் 26 வரையான தரவு போனது; இணைப்பிலேயே இருந்த பிரதியும் சேர்ந்து பூட்டுப்பட்டது. ஆகவே குடும்பப் படங்களின் பிரதியை வைத்திருக்கும் டிஸ்க்கை வேலை முடிந்ததும் கழற்றி அலுமாரியில் வையுங்கள்.

வின்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14உடன் முடித்தது. டிபென்டரின் வைரஸ் பட்டியல் மட்டும் 2028 ஒக்டோபர் வரை வரும். வின்டோஸின் ஓட்டைகளை அடைக்கும் அப்டேற்கள் தனிப்பட்டவர்களுக்கு 2026 ஒக்டோபர் 13 வரை கிடைக்கும், அதற்குப் பதிய வேண்டும். மைக்ரோசொப்ட் கணக்கில் நுழைந்து செற்றிங்ஸை கிளவுட்டில் சேமிக்க விட்டால் காசில்லை. வின்டோஸ் அப்டேற் பக்கத்தில் பதிவதற்கான இணைப்பு இருக்கும். லப்டொப்பைக் கடைக்குக் கொண்டுபோய் 'வின்டோஸ் 11 அடிச்சுத் தாங்கோ' என்று கேட்பதற்கு முன் அதைப் பாருங்கள்.