இசபெல்லாவின் கடிதம்

எமிலி பிராண்டேயின் 'வுதரிங் ஹைட்ஸ்' பற்றிப் பேச்செடுத்தால் கேத்தரின், ஹீத்கிளிஃப் காதலைத்தான் சொல்வார்கள். சாவுக்குப் பிறகும் அடங்காத காதல். 1847இல் எல்லிஸ் பெல் என்ற ஆண் பெயரில் வெளிவந்த அந்த நாவலில் நான் திரும்பத் திரும்பத் தேடிப் போவது வேறொருத்தியை: கேத்தரினின் கணவன் எட்கருக்குத் தங்கை, ஹீத்கிளிஃப் பழிவாங்குவதற்காகவே மணந்துகொண்ட இசபெல்லா.

இருவரும் ஊரைவிட்டு ஓடிப்போகும் இரவில் அவளுடைய நாய்க்குட்டியை அவன் தூக்கில் மாட்டுகிறான். பிறகு பணிப்பெண் நெல்லியிடம், மனைவியையும் அருகில் வைத்துக்கொண்டே, அதைப் பெருமையாகச் சொல்கிறான். அதற்குப் பிறகும் தன்னை ஒரு காதல் நாயகனாக நினைத்துக்கொண்டாளே என்று ஏளனம் வேறு. அதே பேச்சில் இன்னொன்றும் சொல்கிறான்: தான் சட்டத்தின் எல்லையைத் தாண்டவே இல்லை, பிரிந்துபோகும் உரிமையை அவள் கோர எந்தக் காரணமும் கொடுக்கவில்லை. வெறிபிடித்த காதலன் என்று நாம் நம்புகிறவன் எவ்வளவு நிதானமாகக் கணக்குப் போடுகிறான், பாருங்கள். கதை நடக்கும் காலத்து இங்கிலாந்தில் மனைவியின் கையிருப்பும் பிள்ளையும் சட்டப்படி கணவனுடையவை. குழந்தையைக் கேட்டு ஒரு தாய் நீதிமன்றம் போகவே 1839வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தை என்றால்தான்.

இதையெல்லாம் இசபெல்லா நெல்லிக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் உணர முடிகிறது. தான் மணந்தது மனிதனைத்தானா என்று கேட்கிறாள். நெல்லியின் மனம் இளகவில்லை. அவன் எறிந்த கத்தி காதுக்கடியில் கிழித்த காயத்தோடு, பனியில் ஓடிவந்து திருமண மோதிரத்தை அவள் நெருப்பில் போடும்போதும், நெல்லிக்கு அது சிறுபிள்ளைத்தனமாகவே படுகிறது. அவனைவிட மோசமான ஆண்களும் உண்டு என்கிறாள். நம் வீடுகளில் எத்தனை அத்தைகள் இதைச் சொல்லியிருப்பார்கள்!

இசபெல்லா திரும்பிப் போகவில்லை. லண்டன் பக்கம் தனியாக வாழ்ந்து மகனை வளர்க்கிறாள். அவள் இறந்ததும் ஹீத்கிளிஃப் ஆள் அனுப்பிப் பையனைக் கேட்கிறான். மறுக்க எட்கருக்கு வழியில்லை.

1939இல் வில்லியம் வைலர் எடுத்த புகழ்பெற்ற படத்தில் மகன் இல்லை, தப்பித்தலும் இல்லை. பல ஆண்டுகள் கழித்தும் இசபெல்லா அதே வீட்டில், அவன் மனைவியாகவே உட்கார்ந்திருக்கிறாள்.