இரண்டு வயர்கள் சேரும் இடம்

மாத்தளை மாவட்டத்துக்கு மின்சாரம் வெளியூர்ப் பொருளல்ல. 1976இல் உக்குவளையிலும் 1981இல் போவத்தன்னையிலும் எழுந்த நீர்மின் நிலையங்கள் மகாவலி நீரால் சுழல்கின்றன. அந்தப் பெரிய கட்டடங்களை வியக்கிற நாம், எல்கடுவைப் பக்கத்து லயக் காம்பராவில் இரண்டு வயர்கள் சேரும் சிறிய இடத்தையும் வியக்க வேண்டும் என்பது என் கட்சி. பித்தளைக் குழலுக்குள் செம்பு முனைகளைத் திருகாணியால் இறுக்கும் கனெக்டர் மலிவான சாமான்தான். ஆனால் இழை ஒன்றும் வெட்டுப்படாமல், வெறுஞ்செம்பு வெளியே தெரியாமல், இழுத்தாலும் அசையாமல் பூட்டிய கனெக்டர் ஒரு கைவினை.

முறுக்கி டேப் சுற்றியதே பல வருடம் தாங்குகிறதே என்பார்கள். ஒரு பல்புக்குத் தாங்கும். 2000 வாட் கேத்தலோ 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். மூட்டில் ஓமில் பத்திலொரு பங்கு தடை இருந்தாலே அந்த விரல்நுனி இடத்தில் ஏழரை வாட் வெப்பம் பிறக்கும். சூடும் ஆறுதலும் மாறிமாறி வர, முறுக்கு தளர்கிறது, செம்பு கறுக்கிறது, தடை இன்னும் ஏறுகிறது. மேலே காய்ந்த மரச்சட்டம். ட்ரிப் சுவிட்ச் காப்பாற்றும் என்ற நம்பிக்கையும் இங்கே உதவாது: அது மின்கசிவைத்தான் உணரும். தளர்ந்த மூட்டில் கசிவில்லை, மிகை மின்னோட்டமும் இல்லை. ஆகவே பியூஸும் போகாது. ஈயம் பற்றவைத்த முனையைத் திருகாணிக்கு அடியில் வைப்பதும் (அக்கறையோடுதான் செய்கிறார்கள்) நல்லதல்ல. அழுத்தத்தில் ஈயம் மெல்ல நசுங்கிப் பிடி விட்டுப்போகும். பல இழை வயருக்குச் சிறு உலோகக் குழலை மாட்டி நசுக்குவதே சரி, அதுவும் அதற்கென்றே செய்த குறட்டால்.